இறுக்கக்கூடாத நட்டுகள்

முத்துக்குமாரு ஏழாவது நட்டை இறுக்கவும், வீட்டுக்குள்ளே குணலட்சுமி வீரிட்டுக் கத்தவும் சரியாக இருந்தது.

மருத்துவிச்சி சின்னாச்சி முற்றத்துக்குப் பாய்ந்து வந்தாள்.

"டேய், பெண்சாதி இரண்டு நாளாய் நோவிலை துடிக்கிறாள். நீ என்னடா செய்யிறாய்?"

"கார் எஞ்சினுக்கு ஹெட் மூடி பூட்டுறன், அக்கா."

"பேறு நடக்கிற வீட்டிலை ஒரு முடிச்சு இறுகியிருந்தாலே பிள்ளை இறங்காது. நீ இரும்பையெல்லே இறுக்கிறாய்! கழட்டடா!"

போகிற போக்கில் அவன் குடுமியையும் அவிழ்த்துவிட்டுப் போனாள்.

கழற்றினான். திருத்த வந்த அந்தக் கார் பத்து நாளாக அவன் முற்றத்தில் நிற்கிறது. அதன் டிரைவர் யாகோப்பு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, "ஐயாவுக்கு அவசரம்" என்று கெஞ்சிவிட்டுப் போவான். கார் உள்ளவனெல்லாம் முத்துக்குமாருவுக்கு ஐயாதான். எந்த ஐயா, என்ன ஐயா என்று கேட்கிற வழக்கமே இந்த மனிதனுக்குக் கிடையாது.

இனி டொக்டர் வந்தால்தான் உயிர் தப்பும் என்று விடியவே சின்னாச்சி கைவிரித்துவிட்டாள். மைத்துனன் தம்பிராசா சைக்கிளில் பட்டணத்துக்குப் பறந்தான். வெயில் உச்சிக்கு வந்தும் ஆளைக் காணோம்.

உள்ளே சத்தம் அடங்கியது. அது இன்னும் பயமாக இருந்தது. இந்தக் காரிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் என்ன? முத்துக்குமாரு களவாக மறுபடி தொடங்கினான். நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, பதினான்கையும் இறுக்கி முடித்தான்.

"ஐயோ அம்மா!" என்று உள்ளே அலறல்.

"இறுக்கினியோடா?" சின்னாச்சி வாசலில் நின்றாள்.

"இல்லை அக்கா..."

"பொய் சொல்லாதை. அவளின்ரை வயிறு கல்லாய்க் கிடக்கு. கழட்டு! மூடியையும் தூக்கு, திறந்து கிடக்கட்டும்!"

நட்டுகளைக் கழற்றி, மூடியை வெடுக்கென்று தூக்கினான். இடையிலிருந்த செப்புத் தகடு ஒட்டிக்கொண்டு குறுக்கே கிழிந்தது. அது இல்லாமல் கார் ஓடாது; புதுத் தகடு கொழும்பிலிருந்துதான் வரவேண்டும்.

முத்துக்குமாரு அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். "சந்நிதி முருகா, கார் நாசமாய்ப் போகட்டும். டொக்டரைக் கொண்டுவந்து சேர்த்துவிடப்பா" என்று வாய்விட்டு அழுதான்.

படலை திறந்தது. தம்பிராசா தனியாக, வேர்த்து விறுவிறுத்து வந்தான்.

"டொக்டர் எங்கையடா?"

"பெட்டியும் கையுமாய்த் தன்ரை வாசலிலை நிக்கிறார், அத்தான். வாடகைக் கார் எல்லாம் கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போயிட்டுது."

"அவருக்குச் சொந்தக் கார் இல்லையோ?"

தம்பிராசா திறந்து கிடந்த எஞ்சினைப் பார்த்தான்.

"இருக்காம். பத்து நாளாய் உங்கடை முத்தத்திலைதான் நிக்குதாம்."