காலடியில் பன்னிரண்டு பெட்டி

இருபத்து மூவாயிரத்து நாற்பது. முதலாளியின் பச்சை நோட்டில் டிராயிங்காரர் பெயருக்கு நேரே எழுதியிருந்த கடன் அது. கைநீட்டி வாங்கிச் செலவழித்த கடன் இல்லை. தேவைக்கு மேல் வந்து இறங்கிய ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு போல்ட்டின் விலை. ஒன்று இருபது ரூபாய்.

பாட்டில் கழுவும் மிஷின் ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டி, இதற்கு எத்தனை போல்ட்டு என்று அதையே கேட்டு, அது சொன்னதைக் கடைக்கு அனுப்பியதுதான் அவர் செய்த குற்றம். மோட்டார், தகடு, குழாய் எல்லாம் ஃபோர்மேன் கையால் எழுதிக் கொடுத்தது. அதெல்லாம் சரியாக வந்தது. மிஷினைப் பூட்டி முடித்து லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகும் போல்ட்டு மட்டும் பன்னிரண்டு பெட்டி மிச்சம் நின்றது.

"உன் போல்ட்டு உன் காலடியிலயே கிடக்கட்டும்" என்று முதலாளி பன்னிரண்டையும் அவர் மேஜைக்குக் கீழே அடுக்கவைத்துவிட்டார். அன்றிலிருந்து டிராயிங்காரருக்கு நாற்காலியில் சப்பணம் போட்டுத்தான் வேலை.

மனுஷன் கணக்கில் பிசகுகிற ஆள் இல்லை. பட்டறையில் அவருக்குப் பேரே மில்லிமீட்டர். வீட்டில் பாய் விரித்தாலும் சுவருக்கும் பாய்க்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. அப்படிப்பட்டவர் எப்படி இரண்டு மடங்கு எழுதினார் என்று யாருக்கும் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை.

அன்று திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கே முதலாளி மேஜை முன்னால் வந்து நின்றார்.

"பதினொரு மணிக்கு சோடா கம்பெனிக்காரர் வர்றார். அதே மிஷின் அவருக்கும் வேணுமாம். வந்து உட்கார்ந்ததும் மிஷின் திரையில நிக்கணும். திருப்பிக் காட்டணும். மூடியைத் திறந்து காட்டணும்."

"இப்பத்தான் திறக்கப் போட்டிருக்கேன். முக்கால் மணி நேரம் ஆகும்ங்க."

"மிஷினைச் செய்யவே அவ்வளவு நேரம் ஆகலையேய்யா."

"முன்னல்லாம் இருபது நிமிஷம். இப்ப மூணு மாசமாத்தான் இந்தப் பாரம். இருபது நிமிஷம் ஆனப்பவே நான் சனிக்கிழமை போறப்ப மூடுறதில்ல, திரையை மட்டும் அணைச்சிட்டுப் போவேன். நேத்து கரண்ட்டு போயிடுச்சு."

"காரணம் சொல்லாதே. ஆர்டர் வந்தா உன் கடனை மாசா மாசம் கொஞ்சமாப் பிடிக்கிறேன். வராட்டி இந்த மாசமே மொத்தமாப் பிடிப்பேன்."

"என் சம்பளமே அவ்வளவு இல்லைங்க."

"மிச்சத்துக்கு அடுத்த மாசம் ஓசியில வேலை பாரு." போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, "நானும் கம்ப்யூட்டர்ல கைவச்சவன்தான். அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

டிராயிங்காரர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். சம்பளம் வராத மாதத்துக்கு வீட்டில் என்ன சொல்வது? வீட்டுக்காரிக்குக் கடன் கதையே தெரியாது.

ஒன்பதே முக்காலுக்கு மிஷின் திரையில் வந்தது. திருப்பிப் பார்த்தார். மவுஸை இழுத்தால் மிஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமனார் மாதிரி மெதுவாக முகத்தைத் திருப்பியது.

பக்கத்து மேஜை ஸ்டோர்காரர் எட்டிப் பார்த்தார். "ஒவ்வொரு போல்ட்டுலயும் மரை வெட்டி வச்சிருக்கே பாரு, அதான் பாரம்."

"மரை இல்லாட்டி அது போல்ட்டு இல்ல, ஆணி."

"திரையில யாருய்யா ஸ்பேனர் போட்டு முடுக்கப் போறா? மரை போல்ட்டுல இல்ல, உனக்குக் கழண்டிருக்கு."

சொன்னது சுருக்கென்று தைத்தாலும் உண்மைதான். டிராயிங்காரர் எல்லாப் போல்ட்டையும் மறைத்துவைத்தார். திரையில் வெறும் ஓட்டைகள் தெரிந்தன. மிஷின் மட்டும் முன்னைப் போலவே யோசித்தது. கடன்காரன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் கடன் குறைந்துவிடுமா? போல்ட்டு கண்ணுக்குத்தான் மறைந்தது. கம்ப்யூட்டர் அத்தனையையும் முதுகில் சுமந்துகொண்டுதான் நின்றது.

அடுத்த வழி, போல்ட்டுகளைத் தூங்கவைப்பது. மறைத்த சாமான் பாரம் கொடுக்கும், தூங்குகிற சாமான் பாரம் கொடுக்காது. அந்த வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் செய்வதுதான். தூங்கவைத்தார். மிஷின் சட்டென்று திரும்பியது. டிராயிங்காரர் மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

சிரிப்பு அடங்குவதற்குள் மிஷினின் நாலு காலும் கழன்று போயின.

எந்தப் பாகம் எதைப் பிடித்து நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும். கட்டுகிற காலத்தில் அவர் கால்களைத் தகட்டைப் பிடிக்கச் சொல்லாமல் போல்ட்டைப் பிடிக்கச் சொல்லியிருந்தார். போல்ட்டு தூங்கியதும் கால்களுக்குப் பிடி போயிற்று. மவுஸ் பட்டதும் ஆளுக்கொரு திசையில் நடந்தன. ஒரு கால் மிஷின் தலைமேல் ஏறிக் கொம்பாக நின்றது.

தரை துடைக்கிற அக்கா வாளியோடு வந்து மேஜையருகே நின்றாள். "என்ன தம்பி, மிஷின் காலை நீட்டிருச்சு. உங்களுக்குத்தான் நீட்ட இடமில்ல."

"அக்கா, இப்பப் பேசாதீங்க."

"நான் எங்க பேசுறேன். இந்தப் பெட்டிங்க எப்பப் போகும்னுதான் கேட்கறேன். ஞாயித்துக்கிழமையும் வந்து துடைக்கிற தரை இது. பெட்டி வந்த நாள்லேருந்து இந்தச் சதுரத்துல ஈரத்துணி படல."

"கடன் தீர்ந்தாப் போகும்."

"அப்ப என் காலத்துல துடைக்க முடியாது" என்று அவள் அடுத்த மேஜைக்கு நகர்ந்தாள்.

மணி பத்தரை. கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துவந்து இடத்தில் நிறுத்தினார். மறுபடி ஓடாமல் இருக்க ஆணி அடித்த மாதிரி அசையாமல் பூட்டினார். காலை மட்டும் பூட்டினால் போதுமா? மேலே இருப்பது கழன்றுவிட்டால்? திரையின் ஓரத்தில் பாகங்களின் பட்டியல் கிணறு மாதிரி இறங்கிக்கொண்டே போனது. மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே இறங்கினார். அடிவரைக்கும் அவர் என்றைக்குமே போனதில்லை. அன்றும் போக நேரமில்லை. முக்கால் கிணற்றில் வாசலில் கார் சத்தம் கேட்டது.

சோடா கம்பெனிக்காரர் வந்து உட்கார்ந்தார். முதலாளி பின்னால் நின்றார். மிஷின் திரும்பு என்றால் திரும்பியது.

"நல்லாருக்கு. மூடியைத் திறங்க பாப்போம்."

டிராயிங்காரர் மூடியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பூட்டின வேகத்தில் மூடியையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறார்.

"புது மிஷின். கொஞ்சம் இறுக்கமா இருக்கும்" என்றார் முதலாளி.

"படத்துல கூடவா இறுக்கம்? இங்க கொடுங்க, நம்ம கைக்கு வருதான்னு பாப்போம்." சோடாக்காரர் மவுஸை வாங்கி, மாட்டுக் கயிற்றை இழுக்கிற மாதிரி ஓர் இழுப்பு இழுத்தார்.

மூடி வரவில்லை. மிஷினே வந்தது. கால்களை விட்டுவிட்டு, உடம்பு மொத்தமும் சர்ரென்று வழுக்கித் திரையின் வலது பக்கம் போய் நின்றது.

இடது பக்கம், அதே கால்கள்மேல், அதே மிஷின் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"குட்டி போட்டிருச்சா?" என்றார் சோடாக்காரர். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். "விலை ஒண்ணுக்குத்தானே சொன்னீங்க? எனக்குச் சம்மதம். ரெண்டையும் அனுப்பிடுங்க."

முதலாளி நெற்றியைத் துடைத்தார்.

டிராயிங்காரர் பட்டியலின் அடிக்கு இறங்கினார். கிணற்றின் அடியில், கடைசி வரியில், மிஷின் உடம்பின் பெயர் இரண்டாம் தடவை இருந்தது. போல்ட்டுகளை எழுப்பி எண்ணச் சொன்னார். இரண்டாயிரத்து முந்நூற்று நான்கு. கடைசி வரியை அழித்துவிட்டு மறுபடி எண்ணச் சொன்னார். ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு.

"உடம்பு ரெண்டு இருந்திருக்குங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணு, ஒரு மயிரிழை பிசகாம. ஏற்கெனவே நிக்கிறதை இன்னொரு தடவை கூப்பிட்டா அதே இடத்துல வந்து உட்காரும், கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். கம்ப்யூட்டர் ரெண்டையும் சேர்த்துச் சுமந்திருக்கு, ரெண்டையும் சேர்த்து எண்ணியிருக்கு."

அவர் மூடியின் பூட்டை எடுத்தார். போல்ட்டெல்லாம் விழித்திருந்தும் மிஷின் இப்போது தடுமாறவில்லை. மூடி வெண்ணெய் மாதிரித் திறந்தது. சோடாக்காரர் நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தார். "இலவசமா ஒண்ணு போச்சு" என்று வருத்தப்பட்டுக்கொண்டே முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கார் போனதும் முதலாளி பச்சை நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ரெண்டா வச்சது நீதானே?"

"இல்லைங்க. அழிக்கிறதுக்கு முன்னால அந்த வரி என்னிக்கு வந்ததுன்னு பாத்தேன். மூணு மாசத்துக்கு முன்னால, பதினேழாம் தேதி, காலை பத்தே கால். ஞாயித்துக்கிழமை. நான் ஞாயித்துக்கிழமை வர்றதில்லைங்க."

ஸ்டோர்காரர் சுவர்க் காலண்டரைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்து, "ஞாயிறுதான்" என்றார்.

முதலாளி நியாயஸ்தர். நோட்டைப் பிரித்து, டிராயிங்காரர் பெயர்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கடன் அவர் கண்ணெதிரே அடிபட்டது. காலடியில் பெட்டி இருப்பதை மறந்து டிராயிங்காரர் காலை நீட்டி முழங்காலில் இடித்துக்கொண்டார். அந்த வலிகூட நன்றாக இருந்தது.

"ஆனா தொகை அப்படியேதான் இருக்கும்" என்றார் முதலாளி. "எவன் வச்சானோ அவன் பேர்ல எழுதுவேன். என்னைப் பெத்த அப்பனா இருந்தாலும் விடமாட்டேன். ஞாயித்துக்கிழமை இங்க யாரு வர்றது?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் துணியை வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள்.

"மேஜையைத் துடைக்கிறப்ப துணி பட்டு ஏதாவது அமுங்கியிருக்கும்" என்று முதலாளி பேனா மூடியைக் கழற்றினார். "மாசம் எவ்வளவு பிடிக்கலாம், நீயே சொல்லு."

அக்கா துணியை உதறி வாளியின் விளிம்பில் போட்டாள்.

"பிடிக்கிறதை உங்க கல்லாவுலதான் பிடிக்கணும் ஐயா, அன்னிக்கு உங்க சம்பந்தியைக் கூட்டிட்டு வந்து இந்த நாற்காலியில உட்கார்ந்து, 'இப்ப மிஷினைக் கூப்பிடுறேன் பாருங்க'ன்னு ஒரு தட்டுத் தட்டிட்டு, அதுக்கு முன்னாடியிருந்தே திரையில நின்னுட்டிருந்த மிஷினைக் காட்டி 'வந்துருச்சு பாத்தீங்களா'ன்னு சொன்னது நீங்கதானே."