ஏற்றத்தில் இழுக்காத வண்டி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்,
ஒரு பட்டறை வாசல்.

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அம்மா, உன் அத்தான், நான் மூவரும் நலம். வண்டி மட்டும் நலமில்லை. உன் நலத்தையும், உள்ளே இருக்கும் சின்னவரின் நலத்தையும், உன் கால் வீக்கத்தின் நிலவரத்தையும் அறிய ஆவல்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று பயந்துவிடாதே. இந்த வண்டியில் அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் இருக்கின்றன. ரகசியம் பேச மட்டும் இடமில்லை. என் வாய்க்கும், பின்னால் கட்டிலில் சாய்ந்திருக்கும் அம்மாவின் காதுக்கும் நடுவே பன்னிரண்டு அடி. மூன்று நாளாகப் போனில் உன்னிடம் "எல்லாம் சரியா இருக்கு, வந்துட்டே இருக்கோம்" என்று நான் சொன்னது அம்மா கேட்பதற்காகச் சொன்னது. நிஜம் எழுத்தில்தான் வருகிறது. என்ன எழுதுகிறாய் என்று அம்மா இப்போதுதான் கேட்டாள். சாமான் லிஸ்ட் என்றேன்.

நிஜம் இதுதான். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு உன்னை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோவதற்கு முன்னால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டிருந்தாய். குழந்தைக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தவள் எங்களிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். அது நடக்குமா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் வாசலைப் பார்த்துப் பார்த்து உன் ரத்த அழுத்தம் ஏறக் கூடாது. அதற்காகத்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். விரைவுத் தபால் நிச்சயம் எங்களுக்கு முன்னால் வந்து சேரும். நாங்கள் போகும் வேகத்துக்குச் சாதாரணத் தபாலே வந்து சேர்ந்துவிடும்.

ரயிலிலோ விமானத்திலோ கூட்டி வந்திருக்கலாமே என்று உன் மாமியார் கேட்பார். அம்மாவை அவருக்குத் தெரியாது. விமானம் என்றால் காது அடைக்கும், ரயில் என்றால் இடுப்பு பிடிக்கும், எதுவானாலும் வேற்று ஆள் போய்வந்த குளியலறைக்குள் கால் வைக்க மாட்டாள். ஆகவே அம்மாவை ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் நகர்த்த வேண்டுமென்றால் குளியலறையையும் கூடவே நகர்த்த வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் உன் அத்தான் இந்தப் பழைய டீசல் கேரவனை வாங்கியபோது, இது எதற்கு உதவும் என்று நான் ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ கர்ப்பம் என்று சொன்ன அன்று, "இதுக்குத்தான்" என்று பதில் சொன்னார்.

சனிக்கிழமை கிளம்பினோம். நல்ல சாலை, வண்டி தண்ணீராய் ஓடியது. உனக்குத்தான் தெரியுமே, அம்மா அவரோடு நேராகப் பேசுவதில்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் "காபி வேணுமான்னு அவரைக் கேளு" என்று என்னிடம் சொல்வாள். நான் கேட்பேன். அவர் "வேணும்னு சொல்லு" என்பார். பதினெட்டு வருடமாக நான் இருவருக்கும் நடுவே தபால்காரி. எல்லாம் அந்த நாற்காலியால் வந்தது. கல்யாணமாகி முதல் முறை வீட்டுக்கு வந்தவர், அப்பா போய் ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், தெரியாமல் அப்பாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார், அது உடைந்தது. உட்கார்ந்ததை அம்மா மன்னித்தாள். உடைத்ததையும் மன்னித்திருப்பாள். எழுந்து நின்று தூசியைத் தட்டிக்கொண்டு, "இது ஏற்கெனவே ஆடிட்டுத்தான் இருந்துச்சு" என்று சொன்னாரே, அதுதான் ஆறவில்லை. அந்த நாற்காலியில் அப்பா முப்பது வருடம் உட்கார்ந்திருந்தார்.

அப்படிப்பட்ட அம்மா சனிக்கிழமை மத்தியானம், "எவ்வளவு வேகத்துல போறோம்னு கேளு" என்றாள். அவர் பெருமையாக, "தொண்ணூத்தஞ்சுன்னு சொல்லு" என்றார். அம்மா குழந்தைக்குப் பின்னிக்கொண்டிருந்த போர்வையை மடித்து வைத்துவிட்டு, தடிமனான நூலை எடுத்து வேறு ஏதோ பின்ன ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், ஒரு கால் விரிப்பு. பச்சையும் பழுப்பும் கலந்தது, இரண்டு மடிப்பு, மெத்தை மாதிரி. தானே முன்னால் போய்க் குனிந்து, டிரைவர் இருக்கைக்குக் கீழே காலடியில் விரித்து, நாலு மூலையும் இழுத்துச் சரிசெய்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் அவரைப் பார்க்காமல், "காலுக்குக் குளிருமேன்னு பின்னுனேன்னு சொல்லு" என்றாள். நான் சொல்லவில்லை. அவருக்கே காதில் விழுந்திருந்தது. அவர் எஞ்சின் எண்ணெய் பார்ப்பதாகச் சொல்லி வெளியே போனார். திரும்பி வரப் பத்து நிமிடம் ஆயிற்று. அன்றிலிருந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்.

இப்படி ஒரு நல்ல காரியம் நடந்த அன்றே வண்டிக்குக் கண் பட்டுவிட்டது. சமதளத்தில் ஐம்பதைத் தாண்டவில்லை, மேடு வந்தால் இருபத்தைந்து. லாரி எங்களை முந்தியது, டிராக்டர் முந்தியது. ஓர் ஏற்றத்தில் சைக்கிளில் வந்த ஒருவர் முந்திப் போனார், போகிற போக்கில் ஜன்னல் வழியாக அம்மாவுக்கு ஒரு புன்சிரிப்பு வேறு. உன் அத்தான் கழுத்து நரம்பு புடைக்க, "தரையோட மிதிக்கிறேன், போக மாட்டேங்குதே" என்று சொல்லிச் சொல்லி ஓட்டினார்.

முதல் பட்டறைக்காரர் டீசல் ஃபில்டரைக் கழற்றி, அதிலிருந்து வந்த அழுக்குத் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்துக் காட்டினார். எஞ்சினுக்கு டீசல் போதவில்லை, அதனால் மூச்சு வாங்குகிறது என்றார். புது ஃபில்டர் போட்டார். பிறகு சோதித்துப் பார்ப்பதற்காக, அம்மாவின் விரிப்பில் கிரீஸ் பட்டுவிடக் கூடாது என்று மரியாதையாக அதை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, காலடியில் செய்தித்தாள் போட்டு ஓட்டினார். வண்டி குதிரை மாதிரி மேடேறியது. விரிப்பைத் திரும்ப விரித்துக் கொடுத்தார், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். அடுத்த மேட்டில் இருபத்தைந்து.

திங்கட்கிழமை இரண்டாவது பட்டறை. அங்கே ஒரு பெரியவர், மூக்கு நுனியில் கண்ணாடி. ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு படி மண் கொட்டியது. டர்போவிலிருந்து வரும் குழாயில் சோப்புத் தண்ணீரைத் தடவினார். ஒரு மூட்டில் குமிழி வந்தது. காற்று இங்கே கசிகிறது, காற்று போதாவிட்டால் டீசல் எரியாது, எரியாவிட்டால் இழுக்காது என்று எனக்குப் பாடமே எடுத்தார். முடுக்கினார். அவரும் செய்தித்தாள் போட்டு ஓட்டினார். குதிரை. அவர் இறங்கி, உன் அத்தான் ஏறினார். கழுதை. நேராகத் திரும்பிப் போய்ச் சொன்னோம். பெரியவர் மறுபடி ஓட்டிப் பார்த்தார். மறுபடி குதிரை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, உன் அத்தானைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "வண்டியில கோளாறு இல்லீங்க" என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து உன் அத்தான் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று மூன்றாவது பட்டறை வாசலில் நிற்கிறோம். பூட்டிவிட்டார்கள், இனி நாளைக் காலையில்தான். இன்னும் அறுநூறு கிலோமீட்டர், பாதிக்கு மேல் மேடு. அம்மாவால் ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய முடியாது. நானும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், சனிக்கிழமைக்கு முன்னால் வர வழியில்லை. என்னை மன்னித்துவிடு. அம்மா உன்னைப் பார்க்க வருவதற்கென்றே ஒரு புடவையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை கட்டுவதற்கு. அதைத் தினமும் ஒரு தடவை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைக்கிறாள். இவளிடம் எப்படிச் சொல்வேன்?

புதன்கிழமை, மத்தியானம்.

மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அப்படியே இருக்கட்டும். தொடர்கிறேன்.

மூன்றாவது பட்டறையை நடத்துபவர் ஒரு பெண். கொண்டையில் பென்சில் செருகியிருந்தார், பேச்சு அளந்துதான் வந்தது. வண்டியோடு ஒரு சின்னக் கம்ப்யூட்டரை இணைத்துவிட்டு, முந்தைய இருவர் மாதிரி தான் ஓட்டாமல், உன் அத்தானையே உட்காரச் சொன்னார்.

"முழுசா மிதிங்க, சார்."

"முழுசாத்தான் மிதிக்கிறேன்."

"அறுபது சதவீதம்னு காட்டுது. இன்னும் மிதிங்க."

"இதுக்கு மேல தரைதான்."

பட்டறைக்காரி குனிந்து காலடியைப் பார்த்தார். நிமிர்ந்து உன் அத்தானைப் பார்த்தார். உன் அத்தானும் குனிந்து பார்த்தார். ஆக்சிலேட்டர் பாதி வழியிலேயே அம்மாவின் விரிப்பில் மெத்தென்று உட்கார்ந்திருந்தது. மூன்று நாளாக அவர் தரை என்று நினைத்து மிதித்தது அந்த இரட்டை மடிப்பைத்தான். பட்டறைக்காரி வாயைத் திறப்பதற்குள் உன் அத்தான் கண்ணைக் காட்டித் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பின்னாலிருந்து அம்மா, "என்னவாம்னு கேளு" என்றாள்.

அவர் என் கையைப் பிடித்துக் குளியலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். ஓர் ஆள் நின்றால் முழங்கை இடிக்கும் இடம். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் நாங்கள் இவ்வளவு நெருக்கமாக நின்று பேசியதில்லை.

"அத்தைகிட்ட சொல்லிடாத," என்று கிசுகிசுத்தார். "எனக்குன்னு அவங்க செஞ்ச முதல் பொருள் அது. அதாலதான் வண்டி இழுக்கலன்னு நான் எப்படிச் சொல்றது?"

"அப்ப வெள்ளிக்கிழமை?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. யோசித்துக்கொண்டே வழி வழியாகச் சொன்னார். அம்மா தூங்கும்போது எடுத்துவிட்டு, விழிக்கும்போது விரிக்கலாம். ஆனால் அம்மா பகலில் தூங்குவதில்லை, கட்டிலிலிருந்து பார்த்தால் அவர் கால் நேராகத் தெரியும். துவைக்கிறேன் என்று வாங்கலாம். ஆனால் அழுக்காகக் கூடாதென்று செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டியவரே அவர்தான். நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போதுகூடத் தெரியவில்லை. நான் போய்ச் சொல்கிறேன், பழக்கம்தானே, என்றேன். அந்த நேரத்தில் ஒன்று தோன்றியது: இவர்கள் இருவரும் நேராகப் பேசிவிட்டால் எனக்கு என்ன வேலை என்று ஒரு மூலையில் நான் பயந்துகொண்டே இருந்திருக்கிறேனோ? இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

நாங்கள் வெளியே வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது. பட்டறைக்காரிக்கு நம் குடும்பக் கதை தெரியாதல்லவா. விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா எதிரில் நின்றிருந்தார்.

"ரொம்ப அழகா பின்னிருக்கீங்கம்மா. ஆனா இது பெடலுக்குக் கீழ இருக்கிற வரைக்கும் இந்த வண்டி மேடு ஏறாது."

அம்மா விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் அத்தான் அவசரமாக முன்னால் போனார்.

"விரிப்பால இல்ல, அத்தை. வண்டி ஏற்கெனவே அப்படித்தான் இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. அம்மா மெதுவாகத் தலையைத் தூக்கி, நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த நாற்காலி மாதிரியா, மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை என்று சொன்னாளடி. உன் அத்தான் நின்ற நிற்பில் மென்று விழுங்கினார்.

"நாற்காலி ஆடல, அத்தை. நான்தான் தொப்புன்னு உக்காந்தேன்."

"தெரியும்," என்றாள் அம்மா.

அவ்வளவுதான். பட்டறைக்காரி விரிப்பை என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். அம்மா அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, கட்டிலைவிட்டு எழுந்து, முன்னால் போய் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இடுப்புக்கு இதமாக இருக்கிறதாம். இப்போது பின்னால் கட்டிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது நான்தான். முன்னால் இருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பேசிக்கொண்டே போகிறார்கள். மேடெல்லாம் எங்களுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது. நாளைச் சாயங்காலம் உன் வாசலில் நிற்போம். வெள்ளிக்கிழமை நீ அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாய்.

நேரத்துக்குச் சாப்பிடு, காலை உயர்த்தி வை. பயம் வந்தால் எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை, வந்து பங்குபோட்டுக்கொள்கிறேன். உன் மாமியாருக்கு என் வணக்கத்தையும், உன் வீட்டுக்காரருக்கு என் அன்பையும், சின்னவருக்கு நீ தொட முடிந்த இடத்தில் என் முத்தத்தையும் சேர்ப்பித்துவிடு.

நல்லதே நடக்க வேண்டும் என்று நிமிடத்துக்கு ஒரு தரம் நினைத்துக்கொண்டிருக்கும்,
உன் அக்கா.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை, கையிலேயே கொண்டு வருகிறேன். தனியாக இருக்கும்போது படித்துவிட்டு, உன் அத்தான் கண்ணில் படாமல் ஒளித்துவை. காரணம் சொல்கிறேன். அவர் கொஞ்சம் முன்னால் டீசல் போட இறங்கினார். அந்த நேரத்தில், காலுக்குக் குளிரும் என்று பின்னியது இப்படி ஆகிவிட்டதே என்று அம்மாவுக்கு நான் ஆறுதல் சொன்னேன். அம்மா என்னை ஒரு அசட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "காலுக்கா? தொண்ணூத்தஞ்சுல போனாருடி. உயிர் கையில இல்ல. பெடல் எவ்வளவு உயரம்னு விரலால அளந்து பார்த்துட்டுத்தான் ரெண்டு மடிப்பா பின்னுனேன். ஆனா இவ்வளவு மெதுவாப் போகும்னு நினைக்கல, ஃபில்டர்ல அழுக்கு வந்ததும் வண்டிக் கோளாறுன்னுதான் நானும் நம்பிட்டேன்." வாயைத் திறந்து மெதுவாகப் போகச் சொல்லியிருக்கலாமே என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பதினெட்டு வருஷம் கழிச்சுப் பேசற முதல் வார்த்தை, மெதுவாப் போங்கன்னா இருக்கணும்?" இப்போது முன் இருக்கையிலிருந்து வேகம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வருகிறாள், எழுபதைத் தாண்டினால் "மாப்பிள்ளை" என்கிறாள், அவர் குறைக்கிறார். அந்த விரிப்பைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டப் போகிறாராம். நீ பார்த்தால் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்.

இன்னொன்று. இன்னும் ஒரு விரிப்பு பின்ன ஆரம்பித்திருக்கிறாள். யாருக்கு என்று கேட்டேன். குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து காரில் கூட்டி வரும்போது உன் வீட்டுக்காரர் எவ்வளவு வேகத்தில் ஓட்டுவார் என்று என்னைத் திருப்பிக் கேட்கிறாள்.