நாசி கண்டார் லெவலில் அண்ணி

அன்புள்ள பெரியண்ணன் ஆர்தர் அவர்களுக்கு,

கெலுகோர் அடுக்குமாடியிலிருந்து தங்கச்சி தெரேசா கும்பிட்டு எழுதுவது. மாதா கிருபையில் நானும் என் மகள், உங்கள் மருமகள் ஷார்லினும் நல்ல சுகம். லிஃப்டுக்குத்தான் சுகமில்லை, படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. நிபோங் திபாலில் நீங்களும், உங்கள் முழங்காலும், குரைக்கத் தெரியாத அந்த நாயும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டேன். நாய்க்கும் சேர்த்து வேண்டியதைச் சாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் போட்டால் நீங்கள் எங்கே பேசுகிறீர்கள்? "சாப்டிங்களா அண்ணே?" என்றால் "ம்". "அங்க மழையா?" என்றால் "ம்". "நான் பேசுறது கேக்குதா இல்லையா?" என்றால் அதற்கும் "ம்". ஒரு மாட்டுக்குப் போன் போட்டிருந்தால் மரியாதைக்காவது "ம்மா" என்று நீட்டியிருக்கும். அதனால்தான் இந்த வழி. ஆயுசெல்லாம் தபால்காரராக இருந்தவர் நீங்கள். ஸ்டாம்பு ஒட்டி வந்ததைப் பிரிக்காமல் வைக்கிற பழக்கம் உங்களுக்குக் கிடையாது. தண்ணி பில்லையே கேட்டருகில் நின்றபடி கடைசி வரி வரைக்கும் படிப்பவர். ஆகவே மாட்டிக்கொண்டீர்கள், உட்கார்ந்து படியுங்கள். நான் ஆறாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவள், பிழை இருந்தால் மனசுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். சிவப்புப் பேனாவில் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம், அதையும் செய்யக்கூடிய ஆள் நீங்கள்.

விஷயம் நம் குடும்பக் குரூப்பைப் பற்றியது. அந்தப் பேச்சே வேண்டாம் என்று நீங்கள் கடிதத்தை மடிப்பது இங்கிருந்தே தெரிகிறது. மடிக்காதீர்கள் லா அண்ணே. முதலில் சிரிக்கிற கதையைச் சொல்கிறேன், பிறகு அழுகிற கதை, அதற்குப் பிறகு ஒரு சின்ன உதவி.

குரூப்பில் யாரும் பேசுவதில்லை, பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் படம் போடுவதோடு சரி என்று ஷார்லின்தானே அந்தக் கணக்குப் போடுகிற பொம்மையைக் கொண்டுவந்து உள்ளே விட்டாள். அதற்கு இங்கிலீஷில் ஏதோ பேர் சொன்னாள், என் வாயில் நிற்கவில்லை. நான் "கிராணி" என்று பேர் வைத்துவிட்டேன். எஸ்டேட்டில் விடியக்காலை எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் போடுவாரே, வராதவனுக்கு அரைநாள் வெட்டுவாரே, அந்தக் கிராணி மாதிரியேதான் இதுவும். பேசினால் பாயிண்டு. நாம் போட்டதற்கு யாராவது பதில் போட்டால் பாயிண்டு, ஹார்ட்டு போட்டால் இன்னும் பாயிண்டு. பாயிண்டு சேர்ந்தால் லெவல் ஏறும், ஏறியதும் கிராணி பட்டாசுப் படத்தோடு வாழ்த்துச் சொல்லும். லெவலுக்கெல்லாம் சாப்பாட்டுப் பேர் வைத்தது ஷார்லினின் குறும்பு. அடியில் தே ஓ கோசோங், பாலும் இல்லை சீனியும் இல்லை, அது நீங்கள். அடுத்து தே தாரேக், பாலும் நுரையுமாக இழுத்து ஆற்றின டீ, அது நான். அதற்கு மேல் ரொட்டி சானாய், மீ கோரேங், உச்சியில் எல்லாக் குழம்பும் ஊற்றின சோறு, நாசி கண்டார்.

அப்புறம் நடந்த கூத்தைச் சொல்லி முடியுமா! நம் தம்பி டெரிக் இருக்கிறானே, பத்து காவான் ஊரில் ஏர்கான் மாட்டுகிற வேலைக்கு நடுவிலேயே பாயிண்டு பொறுக்க ஆரம்பித்தான். "வேலைக்குப் போறேன்" என்பதை "வேலைக்கு" என்று ஒரு தடவை, "போறேன்" என்று ஒரு தடவை அனுப்புவான். கேட்டால், "ரெண்டு தடவ அனுப்புனா ரெண்டு பாயிண்டுக்கா, உனக்கு அரசியல் தெரியல" என்பான். நான் மட்டும் சும்மா இருந்தேனா? காலை வணக்கம் பூப்படத்தை விற்பனைக்கு நாசி லெமாக் பொட்டலம் மடிக்கிற நேரத்திலெல்லாம் அனுப்பி, ஒருநாள் சம்பால் கையோடு போனைத் தேய்த்து, அது சாயங்காலம் வரைக்கும் நெத்திலி வாசனையோடு என் கன்னத்தில் ஒட்டியது. இவ்வளவு செய்தும் நாங்கள் யாரும் நாசி கண்டாரை எட்டவில்லை. அதை எட்டியது உங்கள் சம்சாரம், எங்கள் கிறிஸ்டல் அண்ணி மட்டும்தான். அவர்களுக்குப் பாயிண்டு என்றால் என்ன என்றே தெரியாது. மத்தியானமானால் "சாப்டாச்சா எல்லாரும்?" என்று ஒரே ஒரு வரி போடுவார்கள். போட்டதும் வீட்டுக்கு வீடு பதில் விழும். பதில் போடாதவனுக்கு நேரே போன் வரும், "ஏன்டா பதில் இல்ல, காய்ச்சலா?" என்று. எங்கள் பதிலெல்லாம் சேர்ந்து அண்ணியை ஏற்றிக்கொண்டே போய்விட்டது. ஒருநாள் கிராணி பட்டாசு விட்டு அவர்களை நாசி கண்டார் ஆக்கியதும், "எனக்கு எதுக்குடி நாசி கண்டார், நான்தான் மீன் கொழம்பு வச்சிட்டேனே" என்று எழுதினார்கள். அதற்கு விழுந்த ஹார்ட்டில் இன்னும் மேலே போனார்கள்.

இனி அழுகிற கதை. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் சொல்லித் தீர்க்க வேண்டும். அண்ணி போன அன்று ஷார்லின் குரூப்பில் செய்தி போட்டாள். டெரிக் அப்போது ஏணி மேல் நின்று யார் வீட்டிலோ ஏர்கான் கழற்றிக்கொண்டிருந்தானாம். பாதி ஏணியில் உட்கார்ந்துகொண்டு "அண்ணி" என்று அனுப்பினான். "எங்க" என்று அனுப்பினான். மறுபடி "அண்ணி" என்று அனுப்பினான். பாயிண்டுக்காக இல்லை அண்ணே, அழுகிறவனுக்கு முழு வரி வருமா? எல்லாரும் அவனுக்கு அழுகைப் படம் போட்டார்கள். அந்தக் கிராணிக்குப் பிறப்பும் தெரியாது, இறப்பும் தெரியாது, எண்ண மட்டும்தான் தெரியும். அண்ணி படத்துக்கு நேர் கீழே பட்டாசு விட்டது. "வாழ்த்துகள் டெரிக்! ரொட்டி சானாயிலிருந்து மீ கோரேங்குக்கு உயர்ந்துவிட்டீர்கள்!" என்றது. அதற்கு அடுத்த வரி, "ஆர்தர் குரூப்பை விட்டு வெளியேறினார்." அதோடு சரி. குழிக்கு மண் போட்ட இடத்தில் டெரிக் உங்கள் பக்கத்தில் வந்து நின்றான், நீங்கள் நகர்ந்து நின்றீர்கள். நான் பார்த்தேன். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. என் வீட்டுச் சாவுக்கு எவனாவது பட்டாசு விட்டால் நான் விளக்குமாற்றால் அடித்திருப்பேன்.

ஆனால் அதற்குப் பிறகு அவன் என்ன செய்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது. பட்டியலில் அண்ணிக்கு அடுத்த இடம் அவனுடையது. இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்தால் அவனும் நாசி கண்டார் ஆகி அண்ணிக்குச் சமமாக நிற்பான் என்ற நிலைமை வந்தது. அப்படி நிற்கக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டான் அண்ணே. டெரிக்! ஞானஸ்நானத்தன்றே சாமியாரை முந்திக்கொண்டு சத்தம் போட்ட பிள்ளை! நம் ஆட்கள் விடுவார்களா? என்னடா இவன் ஆளைக் காணோம் என்று அவனுடைய பழைய பேச்சையெல்லாம் தோண்டித் தோண்டி ஹார்ட்டு போட்டார்கள். கிராணி அதற்கும் அவனுக்குப் பாயிண்டு கொடுத்தது. ஒருநாள் தாங்காமல், "யாரும் எனக்கு ஹார்ட்டு போடாதீங்க, கும்பிட்டுக் கேக்குறேன்!" என்று எழுதினான். பாவமாக இருக்கிறதே என்று அதற்கும் எல்லாரும் ஹார்ட்டு போட்டார்கள். மயிரிழையில்தான் மீ கோரேங்கிலேயே நின்றான். அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்து, மாடி மாடியாக ஏறி மூச்சு வாங்க, "அக்கா, என் பேர எடுத்துட சொல்லு ஷார்லின. நான் அண்ணி எடத்துல நிக்க மாட்டேன்" என்றான். அப்படி எடுத்தால் வெளியேறிவிட்டான் என்று நீங்கள் நினைப்பீர்களோ என்று அதற்கும் பயம். இரண்டுக்கும் நடுவில் என் சோபாவில் உட்கார்ந்து ஒரு டின் முறுக்கைத் தின்று தீர்த்தான்.

இப்போதுதான் பெரிய சங்கடம். அந்தக் கிராணிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. வருஷம் முழுக்க வாய் திறக்காத பேரைத் தானாகவே பட்டியலிலிருந்து தள்ளிவிடும். "மாத்துடி அத" என்று ஷார்லினிடம் சொன்னேன். "அம்மா, இது நான் செஞ்சது இல்ல. எங்கயோ இருக்கிற ஆளு செஞ்சு சும்மா குடுக்குறான். அவன் சட்டம், நம்மால தொட முடியாது" என்றாள். கிராணியையே தூக்கி வெளியே போடலாம், ஆனால் பட்டியலும் அதோடு போய்விடும். வரும் கல்லறைத் திருநாளோடு அண்ணிக்குக் கெடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராணி பட்டியல் போடும் அண்ணே. முதல் வரியில் "கிறிஸ்டல், நாசி கண்டார்" என்று வரும். அதைப் பார்த்த பிறகுதான் நான் சேலையைக் கட்டிக்கொண்டு பூசைக்குக் கிளம்புவேன். சிரித்தால் சிரியுங்கள். கல்லறையில் உள்ள பேருக்கு நேரே பிறந்த தேதியும் போன தேதியும் இருக்கிறது. இங்கே மட்டும்தான் அண்ணி பேருக்கு நேரே சாப்பாடு இருக்கிறது.

அதனால் அந்தச் சின்ன உதவி. அண்ணி நம்பரிலிருந்து ஒரே ஒரு வரி வந்தால் போதும், கெடு இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். அந்தப் போன் உங்களிடம்தான் இருக்கிறது. இல்லை என்று "ம்" போடாதீர்கள். உங்கள் ஊர்க் கடைக்காரர் ஜபருல்லா தன் மகள் ஸஹ்ராவைப் பார்க்க இங்கே பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது என்னிடம் நாசி லெமாக் வாங்கினார். "உங்க அண்ணன் மாசந்தவறாம ரெண்டு நம்பருக்கு டாப் அப் போடுறாருக்கா. தன் நம்பர போன பாத்து சொல்லுவாரு. இன்னொன்ன மனப்பாடமா சொல்லுவாரு" என்றார். நான் அவருக்கு மிச்சக் காசு கொடுக்க மறந்தேன், அவரும் கேட்கவில்லை. அண்ணே, சாகவிடாமல் வைத்திருக்கிற நம்பரைக் கொஞ்சம் பேசவிட்டால் என்ன? சார்ஜ் போடுங்கள், ஏதாவது அழுத்துங்கள். ஒரு புள்ளி வைத்தாலும் சரி. நாய் காலால் அழுத்தினாலும் சரி, கிராணிக்கு வித்தியாசம் தெரியாது. முடிந்தால் டெரிக்கிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். முடியாவிட்டால் ஒரு "ம்" போடுங்கள், அவனுக்கு அதுவே பண்டிகை.

அண்ணியின் ஆன்மா நிம்மதியாக இருக்கவும், உங்கள் முழங்கால் படியேறவும், எங்கள் லிஃப்ட் எழுந்து நடக்கவும் மாதாவை வேண்டிக்கொண்டு, நாய்க்கு ஒரு தடவலும் உங்களுக்கு முத்தமும் அனுப்பி முடிக்கும்

பாசத் தங்கச்சி,
தெரேசா (தே தாரேக்)

பின்குறிப்பு: அண்ணே, மேலே எழுதியதெல்லாம் வீண். உறையை ஒட்டிவிட்டுத் தபால் போடக் கிளம்பும்போது போன் சத்தம் கொடுத்தது. எடுத்தால் "கிறிஸ்டல்: சாப்டாச்சா எல்லாரும்?" என்று இருக்கிறது. சிலுவை போட்டேன், போனை அரிசி மூட்டைமேல் தூக்கி எறிந்தேன், மறுபடி எடுத்தேன். அதற்குள் அடுத்தது வந்திருந்தது. "நான்தான் ஆர்தர். மீன் கொழம்புல உப்பு கூடிப்போச்சு. அவ என்ன செய்வா?" முதல் பதில் டெரிக்குடையது, "அண்ணே உருளைக்கெழங்கு போடுங்க". இந்தத் தடவை முழு வரியாக, ஒரே தடவையில் அனுப்பினான். சனியன் பிடித்த கிராணி உடனே பட்டாசு விட்டது, "வாழ்த்துகள் டெரிக்! நாசி கண்டார்!" என்று. நான் விளக்குமாற்றைத் தேடினேன். அப்புறம் அண்ணி பேரிலிருந்து அவனுக்கு ஒரு ஹார்ட்டு விழுந்தது. டெரிக் இப்போது ஏணி மேல்தான் உட்கார்ந்திருக்கிறானாம், இறங்க மாட்டேன் என்கிறானாம். கடிதம் தேவையில்லைதான், ஆனால் ஸ்டாம்பு ஒட்டியாச்சு. ஒட்டின ஸ்டாம்பைக் கிழித்தால் உங்களுக்குப் பொறுக்காது. அதனால் உறையைப் பிரித்து இதையும் எழுதி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை டெரிக் காரில் வருகிறோம். அந்தக் குழம்பைக் கொட்டாமல் வையுங்கள். எவ்வளவு உப்பாக இருந்தாலும் அவன் தின்பான்.