கடிகாரத்தை எட்டிப் பார்க்காதே

சிறுசேரியில் நாங்கள் அத்தனை பேரும் கம்ப்யூட்டரை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்தபோது, அதைச் சந்தேகப்பட்டே பிழைத்த ஒரே மனுஷி சுத்தம் அக்காதான். பெயரைக் கேட்டு, மேஜை பளபளவென்று இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். காலி டீ கப் ஏழெட்டு எந்நேரமும் அதில் குடியிருக்கும். அக்கா சுத்தம் பார்த்தது ஃபங்ஷனில் மட்டும்.

ஃபங்ஷன் என்பது புரோகிராமின் ஒரு சின்னத் துண்டு. ஒன்றைக் கொடுத்தால் கணக்குப் போட்டு இன்னொன்றைத் திருப்பித் தரும். கொடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு அது வேலை செய்ய வேண்டும் என்பது அக்காவின் சட்டம். வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது, எதையும் தானாக மாற்றி வைக்கக் கூடாது, மணி என்ன என்றுகூடக் கடிகாரத்தைக் கேட்கக் கூடாது. மணி வேண்டுமென்றால் நாம்தான் சொல்ல வேண்டும். ஒரே கேள்விக்கு என்றைக்கும் ஒரே பதில். அப்படி இருந்தால் "சுத்தம்" என்பார். இல்லாவிட்டால் எழுதியவனை ஒரு பார்வை பார்ப்பார். நீளத்துக்கும் சட்டம் உண்டு. ஸ்கிரீனில் உள்ளங்கையை வைத்து அளப்பார். கைக்கு மேல் நீண்டால் இரண்டாக உடைக்க வேண்டும். பெரிய கை உள்ள ஒருவரை இந்த வேலைக்கு எடுத்திருக்கலாம் என்று நாங்கள் புலம்பாத நாளில்லை.

இந்தச் சட்டமெல்லாம் ஆபீஸோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். கேன்டீனில் திங்கட்கிழமை வடையும் செவ்வாய்க்கிழமை வடையும் ஒரே மாதிரி இல்லை என்று மாஸ்டரிடம் புகார் சொன்னார். கொடுத்த டோக்கன் ஒன்றுதானே, வருவது மட்டும் எப்படி மாறலாம் என்பது கேள்வி.

"மாவு புளிக்கிறது இன்னா நம்ம கையிலயா கீது மேடம்?" என்றார் மாஸ்டர்.

"அப்போ புளிப்பையும் முன்னாடியே சொல்லிடுங்க. மறைச்சு வெக்காதீங்க."

மறுநாளிலிருந்து கவுன்டரில் ஒரு சிலேட்டு தொங்கியது. 'இன்று மாவு சுமார் புளிப்பு.' கடைசிவரை அதை யாரும் கழற்றவில்லை.

கம்பெனி பஸ்ஸிலும் இதே கதை. வழக்கமான இடத்தில் நிறுத்துங்கள் என்று அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. வழக்கம் என்பது டிரைவரின் தலைக்குள் ஒளிந்திருக்கும் விஷயம், அதை நம்பக் கூடாது என்பார். வருஷக்கணக்காக, ஒரே டிரைவரிடம், தினமும் முழு விலாசம் சொல்வார்: இரும்புலியூர், மருந்துக் கடை தாண்டி, டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால். டிரைவர் கையெடுத்துக் கும்பிடுவார். ஒரு நாள் அவர் லீவு. புது டிரைவர் வந்தார். வண்டலூரில் இறங்கி ஊரப்பாக்கம் போக வேண்டிய நான் உட்பட எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பெருங்களத்தூர்வரை போய்த் திரும்பி நடந்தோம். அக்கா மட்டும் டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் இறங்கினார் என்று மறுநாள் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் இரும்புலியூரில் ஒரு டயாலிசிஸ் சென்டருக்காக நாங்கள் புரோகிராம் செய்துகொண்டிருந்தோம். இன்று எந்த ஷிப்ட்டில் யார் யார் என்று ஸ்கிரீனில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். டீம் லீடர் நான். என் பெரியப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் டயாலிசிஸ், விடியற்காலை ஐந்து மணி ஷிப்ட். இனி நோட்டுப் புரட்ட வேண்டாம், நானே எழுதியது என்று அவரிடம் பீற்றிக்கொண்டு வேறு வந்திருந்தேன்.

அவசரத்தில் ஒரு தப்புச் செய்தேன். இன்றைய தேதியை வெளியிலிருந்து கொடுக்காமல், ஃபங்ஷனே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும்படி ஒரே ஒரு வரி எழுதினேன். யார் எழுதினாலும் சரிபார்க்கும் அக்கா சாப்பிடப் போன நேரம் பார்த்து, லீடர் என்ற முறையில் நானே சரி என்று ஒப்புதலும் கொடுத்துவிட்டேன்.

சென்டரில் புரோகிராம் ஓடத் தொடங்கிய முதல் நாள் காலை போன் வந்தது. "என் பேரே இல்லைங்கிறாங்கடா" என்றார் பெரியப்பா. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னவோ செய்தது. ஸ்கிரீனில் வந்திருந்தது நேற்றைய ஆட்களின் பட்டியல். பழைய நோட்டைத் தேடி எடுத்து அவரை உள்ளே அனுப்ப ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. நாளைக்கும் இப்படியென்றால் உங்கள் புரோகிராமே வேண்டாம் என்று ஹெட் நர்ஸ் சொல்லிவிட்டார். அன்றைக்கு நேரம் குறைந்துபோனதால் மறுநாளும் ஐந்து மணிக்குப் பெரியப்பாவை வரச் சொல்லியிருந்தார்கள்.

ஆபீஸ் போய்ப் பத்து மணிக்கு ஓட்டிப் பார்த்தேன். பட்டியல் சரியாக வந்தது. பத்தரைக்கும் சரி, பதினொன்றுக்கும் சரி. சென்டரின் கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று சாதித்துப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. விடியற்காலை வரை காத்திருந்து பார்த்தால்தான் தெரியும் என்று கையைப் பிசைந்தேன்.

அக்கா என்னை நாற்காலியோடு ஒதுக்கிவிட்டு, இன்னொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஒரு வரியைப் பிடுங்கினார். நேரத்தை நாம் கொடுக்கும்படி மாற்றினார். "இப்போ காலையில அஞ்சு மணின்னு சொல்லுப்பா" என்றார். பட்டப்பகலில் சொன்னேன். நேற்றைய பட்டியல் வந்து நின்றது.

புரோகிராம் ஓடும் எங்கள் சர்வர் கம்ப்யூட்டரின் கடிகாரம் லண்டன் கிரீன்விச் நேரத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. நமக்கு ஐந்தரை மணி ஆகும்வரை அதற்கு நேற்றுதான். பத்து மணிக்கு வந்து சோதிக்கிற எங்களுக்கு அது எந்த ஜென்மத்திலும் தெரிந்திருக்காது. அதைச் சரிசெய்து, இருபத்துநாலு மணி நேரத்தையும் கால் மணி நேரத்தில் ஓட்டிப் பார்த்தோம். எல்லாம் சுத்தம்.

மேனேஜர் வந்து, இந்த வரியை எழுதியது யார் என்று கேட்டார். எந்த வரி யாருடையது என்று காட்டிக்கொடுக்கும் வசதி எங்கள் தொழிலில் உண்டு. அக்கா முன்னாலிருந்த ஸ்கிரீனில் என் பெயர் கொட்டை எழுத்தில் நின்றது.

"அது இந்தக் கணக்குக்குத் தேவையில்லாத விஷயம் சார்" என்று சொல்லி அக்கா ஸ்கிரீனை மூடினார்.

மறுநாள் ஊரப்பாக்கத்திலிருந்து பைக்கை விரட்டிக்கொண்டு நாலே முக்காலுக்கு சென்டர் போய்ச் சேர்ந்தேன். நாற்காலி வரிசையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், தலையைக்கூட வாராமல், சுத்தம் அக்கா. டெஸ்ட் பாஸான ஃபங்ஷனைத் திரும்பிப் பார்ப்பது அதை அவமானப்படுத்துவது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்.

"எல்லாம்தான் பாஸ் ஆயிடுச்சேக்கா, நீங்க எதுக்கு வந்தீங்க?"

"ஃபங்ஷனைப் பத்தி எனக்கென்ன கவலை? நேத்து பூரா உன் மூஞ்சியே சரியில்லப்பா. அதான் வந்தேன்."

ஸ்கிரீனில் மூன்றாவது பெயர் பெரியப்பாவுடையது. நர்ஸ் கூப்பிட, அவர் எழுந்து உள்ளே போனார். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அன்றைக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.