உப்புத்தாள் வீரர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு: பைக் வாங்கும் முன்பே பைக் சட்டையை வாங்கிவிடும் இனம். இவர்களைக் காண வெகுதூரம் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் நின்றால் போதும். வெயில் மண்டையைப் பிளந்தாலும் கழுத்துவரை ஜிப் போட்டு, முட்டிக்கு ஒரு கவசம், முழங்கைக்கு ஒரு கவசம், முதுகுக்கு ஆமை ஓடு மாதிரி ஒன்று, இத்தனைக்கும் மேலே நெஞ்சிலும் முதுகிலும் இரண்டு கைகளிலும் ஒரே கம்பெனியின் பெயரைச் சுமந்துகொண்டு, நனைந்த கோழி போல வியர்த்து நிற்பார்கள். கம்பெனிக்காரன் விளம்பரப் பலகைக்கு வாடகை கொடுப்பான். இவர்களோ பலகையாக நிற்பதற்குத் தாங்களே பணம் கட்டுவார்கள். யார் புத்திசாலி, நீங்களே சொல்லுங்கள்.

இந்த இனத்தில் புதியவரின் ஜாக்கெட் பளபளக்கும். பழையவரின் ஜாக்கெட் வெளுத்திருக்கும்; அவர் அதைத் துவைக்கமாட்டார், துவைத்தால் அனுபவம் போய்விடுமாம். புதியவர் பெயரைக் காட்டுவார், பழையவர் தேய்மானத்தைக் காட்டுவார். காட்டுவது மட்டும் இருவருக்கும் பொது.

எங்கள் மாடிவீட்டுப் பல் டாக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பைக் வாங்கி நாற்பது நாள். அதில் அவர் போன மிக நீண்ட பயணம் வீட்டிலிருந்து கிளினிக் வரை. நடந்தால் ஆறு நிமிடம். கவசமெல்லாம் மாட்டிக்கொண்டு பைக்கில் போனால் இருபத்தைந்து. அவருக்கு ஒரே ஓர் ஆசை. தெருமுனை டீக்கடையில் கூடும் ஞாயிறு அணி அடுத்த வாரம் மலைக்குப் போகிறது. அதில் தன்னையும் சேர்க்க வேண்டும். சேர்ப்பதும் தள்ளுவதும் அணித்தலைவர் கிலோமீட்டர் அண்ணன் கையில். "முட்டிவலி எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டால்கூட "ஒண்ணரை லட்சம் ஓடியிருக்கு" என்று பதில் சொல்லும் மனிதர். "கத்துக்குட்டிங்க மலைக்கு வேண்டாம்" என்று அவர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் துணி காயப்போட நான் மொட்டைமாடிக்குப் போனபோது, டாக்டர் ஜாக்கெட்டை மடியில் போட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். சொத்தைப் பல்லைக்கூட அவ்வளவு கவனமாகச் சுரண்டியிருக்கமாட்டார். பக்கத்தில் அவர் மனைவி.

"ஏங்க, புதுசை வாங்கிப் பழசாக்குறதுக்கு, பழசாவே ஒண்ணு வாங்கியிருக்கலாமே?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு இதைப் பாத்தா, விழுந்து எழுந்தவன்னு நினைப்பாங்க."

"விழுறதுக்கு முதல்ல வண்டி நகரணுங்க."

மறுநாள் டீக்கடை. கிலோமீட்டர் அண்ணன் டாக்டரின் கையைப் பிடித்துத் தேய்மானத்தைத் தடவிப் பார்த்தார்.

"எங்க விழுந்தீங்க?"

"ஒரு வளைவுல… மணல் கிடந்துச்சு…"

"பெரிய அடிதான் போல." அண்ணன் தலையை ஆட்டினார். டாக்டர் முகத்தில் மலையே தெரிந்தது.

அப்போதுதான் கடை பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த பார்சல் அக்கா வாயைத் திறந்தார். ஞாயிறும் விடுமுறை இல்லாமல் ஸ்கூட்டரில் ஊர் முழுக்கப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர். கம்பெனி போடச் சொன்னதால் அவரும் பெயர் போட்ட ஜாக்கெட்தான்.

"சார், அந்த வளைவு எங்க இருக்குன்னு எனக்கும் சொல்லுங்க. இனிமே நானும் அங்கயே விழறேன்."

"ஏம்மா?"

"சுத்தி எல்லாம் தேய்ச்சிருக்கு, நடுவுல பேரை மட்டும் தொடவே இல்ல. ரொம்ப மரியாதை தெரிஞ்ச ரோடு!"

டாக்டர் குனிந்து பார்த்தார். முழங்கை நைந்திருந்தது, தோள் வெளுத்திருந்தது, நடுவில் கம்பெனியின் பெயர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜொலித்தது. எதற்காக அந்தச் சட்டையை வாங்கினாரோ, அதன்மேல் உப்புத்தாளை வைக்க அவருக்கு மனம் வரவில்லை, பாவம்.

அக்கா தன் கையைத் திருப்பிக் காட்டினார். பெயரில் பாதி எழுத்துகள் இல்லை. "தைச்ச பேரு மேடா நிக்கும் சார். விழுந்தா முதல்ல போறது அதுதான். இது போன மழையில போனது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டரின் மலை கைநழுவியது என்றே நினைத்தேன். ஆனால் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கிலோமீட்டர் அண்ணனின் வலது கை, கொசு கடித்தாற்போல, இடது தோளை மெல்ல மூடியது. மூடுவதற்குள் பார்த்துவிட்டேன்: ஒண்ணரை லட்சம் ஓடி வெளுத்த துணியில், பளிச்சென்று ஒரு பெயர். சுற்றிலும் புது நூல்.

"சரி சரி, பேச்சு போதும். டாக்டரும் மலைக்கு வரட்டும். அடுத்த ஞாயிறு காலையில ஆறு மணி."

"அந்த மலைக்கா?" என்றார் அக்கா, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே. "நேத்துதான் ரெண்டு பார்சல் போட்டுட்டு வந்தேன்."

என்ன, சிரிக்கிறீர்களா? உங்களிடம் பைக்கே இல்லையா? நல்லது. புதுச் சட்டை வாங்கியதும் கழுத்துக்குப் பின்னால் உறுத்துகிறதே ஒரு பெயர்ச்சீட்டு, அதை யோசிக்காமல் கத்தரித்து எறிகிறீர்கள். அதே கத்தரியால், அதே சட்டையின் நெஞ்சில் இருக்கும் பெயரையும் பிரித்தெடுங்கள் பார்ப்போம்.

கை வரவில்லையா? அப்படியானால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். டாக்டரிடம் உப்புத்தாள் மிச்சம் இருக்கிறது.