கையெடு அண்ணன் போட்ட பூட்டு

தமிழ்நாட்டிலேயே பாட்டுக்குப் பூட்டுப் போட்ட முதல் மனிதர் எங்கள் காரிமங்கலம் கையெடு அண்ணன்தான். மறுப்பவர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக்கொள்ளலாம், நான் அசையமாட்டேன்.

எண்பதுகளில் எங்கள் தெருவில் கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் நாலு. ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. அவர் பெங்களூர் வரை பஸ் ஏறிப் போய் அரிய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்துப் பதிவார். மற்ற மூவரும் ஆள் விட்டு அதை வாங்கி, உட்கார்ந்த இடத்திலேயே நகலெடுத்து விற்போம். இசைத்தட்டு போட்டவரிடம் அவர் அனுமதி கேட்டாரா என்று நாங்களும் கேட்டதில்லை.

மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் பூட்டாகத் தன் குரலைப் பதிந்தார்: "டேய், கைய எடு! இது என் பதிவு!" காதல் பாட்டு, தாலாட்டு, சாமி பாட்டு எதற்கும் விலக்கில்லை.

"பாட்ட விட உங்க சத்தந்தாங்கண்ணா தூக்கலா இருக்குது" என்று அழுதார்கள் வாடிக்கையாளர்கள்.

"திருடுறவனப் போயி கேளுங்க!" என்பார்.

கடைக்காரர் சங்கம் கூடியது. அண்ணன் மேசையைத் தட்டினார். "நாலு கடையும் இந்தப் பூட்டப் போடணுங்க. இல்லீன்னா கடய மூடிட்டு மாமனார் வூட்டுல மாடு மேய்க்கப் போயிருவேன்."

அவர் போய்விட்டால் எங்களுக்குப் புதுப்பாட்டு ஏது? செயலாளரான நான் ஒரு சமரசம் எழுதினேன்: கடைக்கு ஓர் அதட்டல் போட்டுக்கொள்ளலாம். நகலெடுப்பது மட்டும் நிற்கவில்லை. அவரவர் அதட்டலும் சேரச் சேர, நாலாவது கடைக்குப் போன கேசட்டில் பாட்டு காணாமல் போய் வெறும் சண்டைதான் கேட்டது.

அடுத்த மாதம் ஒரு கல்யாணம். மேளக்காரர் வரவில்லை, அண்ணன் பதிந்த நாதஸ்வர கேசட்தான் ஒலிபெருக்கியில். மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோனார்.

"டேய், கைய எடு!"

எடுத்துவிட்டார்.

"அபசகுனம்! எந்திரிடி!" என்று பெண்ணின் அத்தை கையைப் பிடித்து இழுத்தார். முகூர்த்தம் முடிய ஐந்தே நிமிடம். பெண்ணின் கண்ணில் நீர் முட்டியது. தன் கேசட்டைக் கேட்டு ரசிக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணன் பாய்ந்து போய் மைக்கைப் பிடித்தார். அதே குரல், அதே அதட்டல்: "தம்பி! பூட்டுனவனே சொல்றேன், கட்டுங்க!"

பந்தலே சிரித்தது, அத்தையும் சிரித்துவிட்டார். தாலி ஏறியது.

மறுநாள் சங்கத்துக்கு வந்தார். "அந்தப் பொண்ணு பாத்த பார்வ இருக்குதே, சாமி! பூட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்களே திருடிக்கங்க, போங்க."

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன்பின் பெங்களூருக்கு நாலு பேரும் முறை வைத்துப் போனோம்.

இப்போது அண்ணன் இல்லை. பூட்டில்லாத பாட்டுகள் எங்கும் கிடைக்கின்றன. நான் அவருடைய பழைய கேசட் ஒன்றை வைத்திருக்கிறேன். பாட்டைத் தாண்டி ஓட்டி, நேரே அந்த இடத்துக்குத்தான் போவேன்.

"டேய், கைய எடு!" என்பார்.

மாட்டேன் அண்ணா.