கழுத்தில் வைத்த மஞ்சள் துணி

விடிந்தும் விடியாததுமாக அந்தத் தெருவில் சைக்கிள்கூட நுழைய முடியவில்லை. அவ்வளவு கூட்டம். மஞ்சத்துணி ஐயா கழுத்தில் ஒரு துணியை ஒற்றி எடுப்பார். வாயில் வந்த புற்றுநோய் கழுத்துக்கு இறங்கிவிட்டதா என்று துணியே சொல்லிவிடும். சிவந்தால் இறங்கிவிட்டது. மஞ்சளாகவே இருந்தால் இறங்கவில்லை. ஊசி இல்லை, கத்தி இல்லை. கட்டணம் மட்டும் உண்டு.

வரிசையில் நின்ற மகா மேதைகளில் நானும் ஒருவன். தொழில், சலவைக்கடை. என்னைத் திட்டும்போது இந்த விவரம் உங்களுக்கு உதவும்.

என் நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். ஆஸ்பத்திரியில் கிள்ளி எடுத்துச் சோதித்து, புற்றுநோய்தான் என்றார்கள். "இது அடுத்ததா கழுத்துல இருக்கற நெறிக்கட்டிக்குத்தான் இறங்கும். தடவிப் பாத்தா தெரியாமலும் போகலாம். ஸ்கேன் எடுப்போம். நாக்குல ஆபரேஷன் பண்ணும்போதே கழுத்து நெறியையும் எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்துடலாம்" என்றார் டாக்டரம்மா. 'போகலாம்', 'பாத்துடலாம்' எல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆமாவா, இல்லையா? அதைச் சொல்ல ஐயா இருந்தார்.

முதல் நாள் வாசல் குழாயடியில் ஐயாவின் தம்பி ஒரு சோப்புக் கட்டியை நீட்டினார்.

"கழுத்துல நல்லா தேய்ங்க. அலச வேண்டாம், சும்மா துடைச்சுட்டு உள்ள போங்க. சுத்தமான கழுத்துலதான் துணி பேசும்."

உள்ளே ஐயா மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியை என் கழுத்தில் ஒற்றினார். துணி சிவந்தது. "பொழைப்பேனா ஐயா?" என்றேன்.

"பயப்படாதீங்க தம்பி. இந்தச் சூரணத்தைச் சாப்பிடுங்க. ஆனா இனிமே கழுத்துல சோப்பே படக்கூடாது. மருந்தை முறிச்சிடும்."

அப்படியே செய்தேன். அடுத்த முறை வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு போனேன். துணி மஞ்சளாகவே இருந்தது. "இறங்கினது வத்திப்போச்சு. கத்தி வேண்டாம்" என்றார் ஐயா. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆபரேஷனுக்குப் போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

இப்போது என் கடைக்கு வாருங்கள். வெள்ளைச் சட்டையில் குழம்புக்கறை சிவந்துவிட்டது என்று யாராவது பதறிக்கொண்டு வந்தால் நான் என்ன சொல்வேன்? "ஒண்ணுமில்லைங்க, மஞ்சள்ல சோப்பு பட்டா சிவக்கும். அலசினா போயிடும்." வாரத்தில் பாதி நாள் இந்த உபதேசம்தான். கடையைப் பூட்டும்போது மூளையையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன் போலிருக்கிறது.

வீட்டில் நல்ல சேதியைச் சொன்னேன். என் மனைவி சிரிக்கவில்லை.

"முதல் நாள் சோப்பு போட்டாங்களா?"

"ஆமா."

"இன்னைக்கு?"

"போடலை."

"ஏங்க, நீங்க நடத்துறது சலவைக்கடைதானே?"

"அது துணியில படுற மஞ்சள். இது மருந்து மஞ்சள்" என்றேன். என் அறிவுக்கு எட்டியது அவ்வளவுதான்.

மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு அவள் ஐயாவிடம் வந்தாள். குழாயடிச் சோப்பைக் கையோடு எடுத்துக்கொண்டாள். உள்ளே போனதும் ஈரச்சோப்பை நாற்காலியின் கையில் தேய்த்து, ஐயாவின் துணியை வாங்கி அதில் ஒற்றினாள். துணி சிவந்தது.

"நாற்காலிக்கும் இறங்கிடுச்சுங்களே?"

ஐயா அசரவில்லை. "எத்தனையோ நோயாளி உக்காந்த நாற்காலிம்மா. அதுக்கும் ஏறத்தானே செய்யும்?"

கூட்டம் தலையாட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஆட்டினேன்.

"அப்ப உங்க கழுத்தையும் பாத்துடலாமே" என்றாள் அவள்.

வரிசையில் எனக்கு அடுத்து நின்ற ஒரு பஸ் டிரைவர் சோப்பை வாங்கினார். "ஐயா கழுத்துல நான் போடறேன்" என்று தேய்த்தே விட்டார். அவள் துணியை ஒற்றினாள். துணி சிவந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் நிஜமான கவலையோடு வந்தது: "அடப்பாவமே, ஐயாவுக்கே இறங்கிடுச்சா?"

அவள் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். டிரைவர் கழுத்தை நன்றாக அலசித் துடைத்துவிட்டுப் புதுத் துணியை ஒற்றினார். மஞ்சள்.

"குணமாயிடுச்சு. சூரணம்கூட தேவைப்படலை" என்றார்.

அப்போதுதான் கூட்டம் சிரித்தது. ஐயா பின்வாசலைப் பார்த்துக்கொண்டு நடந்தார். தம்பி கட்டணப் பெட்டியோடு அவருக்கு முன்னாலேயே போய்விட்டார்.

ஆபரேஷன் நடந்தது. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. ஆனால் எடுத்த நெறிகளில் ஒன்றுக்குள், கடுகைவிடச் சின்னதாகப் புற்றுநோய் இருந்தது என்று மைக்ரோஸ்கோப் சொன்னது. துணி 'வத்திப்போச்சு' என்ற அதே கழுத்து. என் மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். இப்போது கரண்ட் வைக்கிறார்கள், கதிர்வீச்சு சிகிச்சை. பேச்சு கொஞ்சம் குழறும்.

போன வாரம் ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்தார். கன்னத்தில் வீக்கம். ரகசியமாகக் குனிந்து, "அந்த ஐயா இப்ப வேற ஊர்ல ஊதாத் துணி வெச்சுப் பாக்கறாராமே, அட்ரஸ் தெரியுமா?" என்றார்.

ஆஸ்பத்திரி அட்ரஸை எழுதிக் கொடுத்தேன். குழறினாலும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்:

"கழுத்தைப் பாக்க அங்க டாக்டர் இருக்காங்க. கழுத்துக்கு மேல இருக்கறதை நாமதாங்க பாத்துக்கணும்."